வாய் வந்த பிள்ளை

பருத்தித்துறை பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்த என்னை, முன் இருக்கையில் வெறும் மீன்கடகத்தோடு இருந்தவளின் பேச்சு எழுப்பியது.

“என்ரை செவிட்டுப் பெட்டைக்கு வாய் வந்திட்டுது, அக்கா. கைதான் போயிட்டுது.”

“ஐயோ, கைக்கு என்னடி?”

“வெள்ளைக்கார மிசியம்மாவின்ரை பள்ளிக்கூடத்திலை கையாலை கதைக்கக் கூடாதாம். கை அசைஞ்சால் அடிதான். சீமையிலையிருந்து உதவி செய்யிறவை பாக்க வந்தவையாம். பிள்ளை வாய் திறந்து ‘தாங்ஸ்’ எண்டு சொல்ல, எல்லாரும் கை தட்டினவையாம்.”

“நல்லதுதானே?”

“ஓம், அவையின்ரை கை தட்டலாம். லீவுக்கு வந்தவளை, முந்திப்போலை விரலைக் குவிச்சு வாயிலை வைச்சு, ‘சாப்பிட வா’ எண்டு கூப்பிட்டன். ரண்டு கையையும் முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொண்டு, பெத்த எனக்கும் ‘தாங்ஸ்’ எண்டாள்.”