நாலாவது வரி

சண்டைக்கு வரல டீச்சர், நீங்க உக்காருங்க. கீபோர்டை ஏன் மூடறீங்க, தொறந்தே கெடக்கட்டும். நான்தான் ஆபிரகாம், இந்த பேண்டு செட்டு மாஸ்டர். ஆமா, வூட்டுக்காரனும் நான்தான். உள்ள பெட்டியில கீறது என் சம்சாரம் ஜெசிந்தா. யூனிபாரம் போட்டுகினு கீறேன்னு பாக்கறீங்களா? கோவளத்துல எந்த சாவுக்கும் நான்தான் டிரம்பெட்டு. இதுக்கு மட்டும் வேற ஆளு எங்க போயி தேடறது?

பசங்க உங்களாண்ட கத்திட்டாங்கோன்னு கேள்விப்பட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க. காலையிலேர்ந்து எவனும் நாஸ்தா கூட துண்ணல. அந்த நேரத்துல நீங்க வந்து, அடக்கத்துக்கு நாங்க வாசிக்கிற சாமி பாட்டுல நாலாவது வரி தப்புன்னு சொல்லிட்டீங்க. ரவிச்சந்திரனுக்கு சுர்ருன்னு ஏறிக்கிச்சி. சைடு டிரம்மு அடிக்கிறவன், கட்டையா மீசை வெச்சிகினு, அவன்தான். பன்னண்டு வருசமா அடிக்கிறத, ஜெசிந்தா படிச்ச ஸ்கூல் டீச்சருன்னு ஒருத்தங்க செங்கல்பட்டுலேர்ந்து பஸ் ஏறி வந்து தப்புன்னா கேப்பானா? நாலு மணிக்கு எடுக்கறோம், அவங்க மெட்டா நம்ம மெட்டா, நீயே பேசி முடிச்சிட்டு வா அண்ணாத்தன்னு என்னை அனுப்பிட்டாங்கோ. தோ, வேப்ப மரத்தாண்ட நின்னு இங்கியே பாத்துகினு கீறாங்கோ பாருங்க.

டீ சொல்லவா? வோணாமா. சரி.

இந்த மெட்டு எங்கேர்ந்து வந்திச்சின்னு கேட்டீங்களாமே. தொண்ணூத்தி நாலுல ஒரு பொயல். கடலுக்குப் போன மூணு பேரு நாலாம் நாளு திருவிடந்தை பக்கமா கரை ஒதுங்குனாங்கோ. அன்னிக்கே அடக்கம் பண்ணியாவணும். ரோடு பூரா மரம் சாஞ்சி கெடக்குது, பஸ்ஸு இல்ல. எங்க செட்டுல மத்த ஊதறவங்கோ எல்லாம் அந்தாண்ட மாட்டிகினாங்கோ. இங்க கீறது என் டிரம்பெட்டு ஒண்ணு, டிரம்மு அஞ்சு. அவ்ளோதான் பேண்டு.

அப்ப சர்ச்சுல இருந்த சாமியாரு, சினிமா பாட்டு எதுவும் கூடாது, சாமி பாட்டுதான் வாசிக்கணும்னுட்டாரு. எனக்கு சினிமா பாட்டு முந்நூறு தெரியும். சாமி பாட்டு ஒண்ணு கூட முழுசா தெரியாது. எங்க கல்யாணமாகி அப்ப ஆறு மாசம். ஜெசிந்தா உங்க ஸ்கூல்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சது. அங்க ஒரு சிஸ்டரு கட்டுன பாட்டுன்னு சொல்லி, இதைப் பாடி கேசட்டுல புடிச்சி வெச்சிருந்துச்சி. வேற எங்கியும் இந்தப் பாட்டு கெடையாது. பொயலப்ப ஜெசிந்தா செங்கல்பட்டுக்கு அந்தாண்ட தாய் வூட்ல மாட்டிகிச்சி, கேசட்டு மட்டும் இங்க கீது.

கரண்டு இல்ல. டேப்ல பேட்டரி கட்டை போட்டு ஒவ்வொரு வரியா புடிச்சேன். ஓட வுடறது, நிறுத்தறது, ஊதிப் பாக்கறது, மறுபடி சுத்தறது. மொத வரிக்கு பத்து வாட்டி, ரெண்டாவதுக்கு பத்து வாட்டி. நாலாவது வரிக்கு வர்றதுக்குள்ள கட்டை எறங்கிப் போச்சி டீச்சர். கொரலு இழுத்துகினே கீழ போவுது. எனக்கு இன்னா தெரியும்? அதுதான் பாட்டுன்னு நெனச்சி, அப்படியே கீழ எறக்கி வாசிச்சிட்டேன்.

சிரிங்க, பரவால்ல. ஜெசிந்தாவும் சிரிச்சிச்சி.

டிரம்மு கதை கேளுங்க. மழையில நனைஞ்சி தோலு தொளதொளன்னு ஆயிடிச்சி, அடிச்சா தொம்முன்னு மொட்டையா வருது. பெரிய டிரம்மு திருவேங்கடம் சொன்னான், இந்த சத்தத்த வெச்சிகினு வேகமா அடிச்சா அசிங்கமா இருக்கும்பா, நீ ஒரு வரி தனியா ஊது, நீ மூச்சு வாங்கற நேரத்துல நாங்க அடிக்கிறோம்னு. பெருமாள் கோயில் தெருக்காரன், பாட்டுக்கு இன்னா அர்த்தம்னு கூட தெரியாது அவனுக்கு. நாலாவது வரி எறங்க எறங்க ஒவ்வொரு டிரம்மா நிப்பாட்டிகினே வந்து, கடைசில அவனுது மட்டும் ஒரே ஒரு அடி. அன்னிக்கி கல்லறையில அழுவாதவங்க யாரும் இல்ல.

அப்பால மாமல்லபுரம் வரைக்கும் கூப்ட்டாங்கோ. கல்லு செதுக்கறவங்க வூட்ல, கவுண்டர் வூட்ல, எல்லா சாவுக்கும். இப்பல்லாம் தோலு காஞ்சிதான் கீது, ஆனா அதே சத்தம் வரணும்னு மேல துண்டு போட்டு அடிக்கிறோம். கோயில்ல பாடற கொயர்ல கூட என்னாண்ட கேட்டுதான் கத்துகினாங்கோ. இந்த ஊர்ல எந்தக் கொயந்தயப் பாடச் சொன்னாலும் நாலாவது வரியக் கீழதான் எறக்கும்.

ஜெசிந்தாவா? ரோடு சரியானதும் வந்திச்சி. அடுத்த சாவுல கேட்டுட்டு வூட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. யோவ், அது ஆளு மோட்சத்துக்குப் போவுற வரிய்யா, மேல ஏறணும், நீ குழியில எறக்கிட்டியேன்னுச்சி. உக்காரு, பாடிக் காட்டறேன்னுச்சி. நான் உக்காரல. ஊரே அதைக் கேட்டு அழுவுது, உனக்கு மட்டும் இன்னா பேஜாருன்னு கேட்டுட்டு வெளிய போய்ட்டேன். ஊர்ல அப்பத்தான் என்னை மாஸ்டருன்னு கூப்புட ஆரம்பிச்சிருந்தாங்கோ.

அதுக்கப்புறம் அது இந்தப் பேச்சே எடுக்கல. கோயில்ல எல்லாரோடவும் சேந்து பாடும். மூணு வரி பாடும். நாலாவது வரி வந்தா வாய மூடிக்கும். நான் ஊதிகினே பாப்பேன். பன்னண்டு வருசமும் பாத்தேன் டீச்சர், பாக்காத மாரி.

கிட்னிதான். ஒரு மாசம் ஆசுபத்திரியில கெடந்துச்சி. போன வாரம், புதன்கெழம, நான் கஞ்சி குடுத்துகினு கீறேன், எனக்கு வாசிக்கிறப்ப மட்டும் மேல ஏத்தி வாசிய்யான்னுச்சி. சரின்னேன். சரி, எப்படின்னு பாடிக் காட்டுன்னு கேட்டிருக்கணும். கேக்கல. இத்தினி வருசம் கயிச்சி கேக்க கூச்சமா இருந்திச்சி. நாளைக்கிக் கேப்போம்னு வெச்சேன். மறுநாளு வாயில கொழா சொருவிட்டாங்கோ, அப்பால ஏது பாட்டு?

கேசட்டா? நேத்து பீரோவ கலைச்சி எடுத்துப் பாத்தேன். பூஞ்சை புடிச்சி நாடா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு கீது.

இல்ல, அது கேட்டத பசங்களாண்ட சொல்லல. நம்ம மெட்டுக்காக நான் உங்களாண்ட மல்லுக்கு நிக்கறேன்னு நெனச்சிகினு கீறானுங்கோ. நாலாவது வரிக்கு டிரம்மு வோணாம், கையக் கட்டிகினு நிக்கட்டும், நான் பேசிக்கிறேன். ரவிச்சந்திரன் ரெண்டு நாளைக்கி என்னாண்ட பேச மாட்டான். பேசாட்டி போறான்.

அந்தப் பேப்பர எனக்குக் காட்டாதீங்க, நோட்டு படிக்கத் தெரியாது. வாயால பாடுங்க, நான் புடிச்சிக்குவேன். ரவ மெதுவா. மூணே கால் ஆவுது, அரை மணி நேரம் போதும் எனக்கு. மொதல்லேர்ந்து வோணாம் டீச்சர், மூணு வரி நான் ஒழுங்காத்தான் கத்துகினேன். நாலாவதுலேர்ந்து ஆரம்பிங்க.