வரிசை முப்பத்தொன்றில் ஆள் இல்லை

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். வாக்குமூலத்தை எழுதும் உங்கள் எழுத்தரைப் புள்ளிகளைக் கொஞ்சம் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். நான் சொல்லப்போவதில் புள்ளிகள் நிறைய வரும். மங்கலாக இருந்தால் நாளைக்குப் படிப்பவர் தடுமாறிப்போவார். டீ நன்றாக இருந்தது, நன்றி.

என் மச்சானை, அதாவது என் மனைவியின் அண்ணனை, நான்கு நாள் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே அடைத்து வைத்தேன் என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. ‘அடைத்து வைத்தேன்’ என்ற சொல் மட்டும் லேசாக இடிக்கிறது. மூடியது இயந்திரம். மூடலாம் என்று அதற்குச் சொன்னது அவர் எழுதிய நிரல். பொத்தானைத் தட்டச் சொன்னதும் அவர்தான். நான் தட்டினேன்.

எங்கள் அலுவலகம் ஒரு காப்பகம். ஊருக்கு அடியில் ஓடும் குழாய்கள், கம்பிகள், கால்வாய்கள் எல்லாவற்றின் வரைபடங்களும் அங்கேதான் இருக்கின்றன. நிலவறையில் பெரிய கூடம், அதில் அறுபத்திரண்டு வரிசை அலமாரி. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். எல்லாம் தண்டவாளத்தின் மேல் நிற்கின்றன. இடத்தை மிச்சப்படுத்த ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். உங்களுக்கு எந்த வரிசை வேண்டுமோ அதன் பாதையை, அதாவது கணினியில் அதற்கு உள்ள முகவரியை, இயந்திரத்துக்குக் கொடுத்தால், மோட்டார் உறுமி, அந்த வரிசைக்கு முன்னால் மட்டும் ஆள் நடக்க ஒரு சந்து திறக்கும். ஒரு நேரத்தில் ஒரு சந்துதான். அடுத்ததைத் திறந்தால் முந்தையது மூடிக்கொள்ளும். மூடும்போதுகூட அலமாரிகள் முழுக்க நெருங்காது. ரப்பர் தடை ஒன்று ஒன்றரை அடி இடைவெளியை விட்டு நிறுத்திவிடும். அதன் பிறகு தீ பரவாமல் இருக்க இரு முனையிலும் இரும்புத் தகடு இறங்கும். தகட்டின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் காற்றுத் துளை. அழகான வடிவமைப்பு. நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் இயக்கும் கணினிக்கும் என் திருமணத்துக்கும் ஒரே வயது. அதில் ஓடும் இயங்குதளத்தைத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே ஒரு பேருந்து நிறையத் தேறுவார்களா என்பது சந்தேகம். உங்கள் மேசையில் இருக்கும் கணினியில் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல, கோப்புறைகளுக்கு நடுவே சாய்கோடு போடுவோம். கோப்பின் பெயருக்கும், அது எந்த வகைக் கோப்பு என்று சொல்லும் வாலுக்கும் நடுவே புள்ளி வைப்போம். எங்கள் இயந்திரத்தில் அப்படியே தலைகீழ். கோப்புறைகளுக்கு நடுவே புள்ளி, வாலுக்கு முன்னால் சாய்கோடு. இதில் எது சரி, எது தவறு என்று ஒன்றும் இல்லை. நம் வீட்டுக் கதவு உள்பக்கம் திறக்கிறது, பக்கத்து வீட்டுக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, அவ்வளவுதான். தெரியாமல் தள்ளினால் மூக்கு உடையும்.

இருபத்திரண்டு வருடமாக நான் இதைக் கவனித்து வருகிறேன். இதைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். ஆனால் நான் ஆரம்பித்ததும் என் மனைவிக்கு அடுப்பு நினைவுக்கு வந்துவிடும். மகன் காதில் எதையாவது செருகிக்கொள்வான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பழைய பாதைகளைப் புதிய கணினியிலிருந்து இயக்கும்படி மாற்றித் தர, நிர்வாகம் வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தியது. வந்தவர் மச்சான். சொந்தமாக மென்பொருள் நிறுவனம் வைத்திருக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், நல்ல உடம்பு, சத்தமாகச் சிரிப்பவர். முதல் நாள் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் என் தோளில் தட்டினார்.

“மாப்ளே, புள்ளிய கோடாக்கணும், கோட்ட புள்ளியாக்கணும். ரெண்டு வரி. இதுக்கு எதுக்கு நோட்டு?”

“அப்படி இல்ல மச்சான். அதுல சில நுணுக்கம்…”

“உனக்கு எதுலதான் நுணுக்கம் இல்ல? பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க வீட்டு கதவுத் தாழ்ப்பாள அரை மணி நேரம் பாத்துட்டு இருந்தவன் நீ.”

உண்மைதான். அது ஒரு அருமையான தாழ்ப்பாள்.

புதன்கிழமை மாலை அந்த இரண்டு வரியை எழுதி என்னிடம் கொடுத்தார். “பாத்து வை” என்றார். வீட்டில் வைத்துப் பார்த்தேன். முதல் வரி, புள்ளிகளையெல்லாம் சாய்கோடாக மாற்றுகிறது. இரண்டாவது வரி, சாய்கோடுகளையெல்லாம் புள்ளியாக மாற்றுகிறது. கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா? ஒரு டம்ளரில் பால், இன்னொன்றில் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் கலந்துவிடும். அவர் மூன்றாவது டம்ளரை மறந்துவிட்டார். முதல் வரி முடிந்ததும் பாதையில் புள்ளியே இல்லை, எல்லாம் கோடு. இரண்டாவது வரி முடிந்ததும் கோடே இல்லை, எல்லாம் புள்ளி.

வரிசைகளைத் திறக்கும் பாதையில் வால் கிடையாது. ‘கூடம்.வரிசை31’, அவ்வளவுதான். அதனால் எத்தனை தடவை சோதித்தாலும் அவருடைய நிரல் சரியாகவே வேலை செய்யும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடறும். சந்தின் தரையில் ஒரு பலகை உண்டு. அதன் மேல் ஆள் நின்றால் இயந்திரம் ஒரு சின்னக் கோப்பு எழுதும். அதன் பாதை ‘கூடம்.வரிசை31.ஆள்/நிலை’. சந்தை மூடும் முன் நிரல் அந்தக் கோப்பைத் தேடும். இருந்தால் மூடாது. மச்சானின் நிரலோ ‘கூடம்.வரிசை31.ஆள்.நிலை’ என்று தேடும். அப்படி ஒரு கோப்பு உலகத்திலேயே இல்லை. கோப்பு இல்லை என்றால் ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் மூடலாம்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் எழுதியதில் ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். எழுந்து கடைக்குப் போய் ரொட்டி ஆறு பொட்டலம், தண்ணீர், பிளாஸ்டிக் உறை இரண்டு கட்டு வாங்கி வந்தேன். வரைபடங்கள் வைக்கும் தட்டையான உறை. காற்றுத் துளை நான்கு விரல் உயரம்தான் என்று சொன்னேன் அல்லவா.

மறுநாள் வியாழன். ஆண்டுச் சரிபார்ப்புக்காகக் காப்பகம் நான்கு நாள் மூடியிருந்தது. உள்ளே நாங்கள் இருவர் மட்டும். அவர் கைபேசியை மேசையில் மின்னேற்றத்தில் போட்டுவிட்டு, சந்துகள் சரியாகத் திறக்கின்றனவா என்று நேரில் பார்க்க இறங்கினார். முப்பத்தொன்றாவது வரிசைக்குள் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

“இது ஓகே. மாப்ளே, அடுத்தத தட்டு.”

“வெளிய வந்துடுங்க மச்சான்.”

“அதான் ஆள் இருந்தா மூடாதுல்ல? என் நிரல் மேல நம்பிக்கை இல்லையா?”

இருந்தது. முழு நம்பிக்கை இருந்தது. தட்டினேன்.

அலமாரிகள் மெதுவாகத்தான் நகரும், யாரையும் நசுக்காது. மச்சானுக்கு வயிறு கொஞ்சம் முன்னால் இருப்பதால் பக்கவாட்டில் நிற்க வேண்டியிருந்தது. தகடுகள் இறங்கியதும் முதலில் சிரித்தார். பிறகு திட்டினார். திட்டியதில் என் அப்பாவும் வந்தார். நான் தகட்டின் அருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நிலைமையை விளக்கினேன். உள்ளே ஆள் இருப்பதாகச் சொல்லும் கோப்பு பத்திரமாக இருக்கிறது. அதன் பாதையை அவர் சரியாகச் சொன்னால் நான் அப்படியே நிரலில் போடுவேன். இயந்திரம் கோப்பைப் பார்க்கும், தானே திறந்துவிடும். என் பக்கம் இருந்த நிபந்தனை அது ஒன்றுதான். இதைவிட நியாயமான நிபந்தனை எனக்குத் தோன்றவில்லை.

“டேய், ஸ்லாஷ் போட்டுத் தொலைடா.”

“எந்த இடத்துல மச்சான்?”



உங்கள் குறிப்பில் ‘பட்டினி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். என் மனைவி தினமும் தன் அண்ணனுக்கென்று சாப்பாடு கொடுத்தனுப்பினாள். டப்பா உள்ளே போகாது. அதனால் உறைகளில் பரப்பித் தட்டையாக்கி அனுப்பினேன். மேலே தேதி எழுதி ஒட்டினேன். காலி உறைகள் வேறு தேவைக்கும் பயன்பட்டன. அதற்குத் தனிக் கட்டு வைத்திருந்தேன். இரவில் விளக்கை அணைத்து, போர்வையைச் சுருட்டாமல் மடிப்பு மடிப்பாக உள்ளே தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மனைவி கேட்டபோதும் நான் பொய் சொல்லவில்லை.

“அண்ணன் ஃபோன நீங்க எடுக்கிறீங்க? அவர் எங்க?”

“வேலையா இருக்கார். அந்த இடத்தை விட்டு நகர முடியல.”

“வீட்டுக்குக்கூட வராம அப்படி என்ன வேலை?”

“எல்லாம் அந்தப் பாதை விஷயம்தான். இப்ப பாரேன், ஒரு கோப்புறைக்குள்ள இன்னொரு கோப்புறை…”

“அடுப்புல பால் இருக்கு” என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மச்சானும் நானும் மேல்குறியைப் பற்றிப் பேசினோம். எங்கள் இயந்திரத்தில் ஒரு கோப்புறையிலிருந்து ஒரு படி மேலே போக, கூரை மாதிரி ஒரு குறி போட வேண்டும். உங்கள் கணினியில் அதற்கு இரண்டு புள்ளி. இங்கே புள்ளிக்கு வேறு வேலை இருப்பதால் கூரை. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். சனிக்கிழமை, கோப்பின் பெயர் பத்து எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி. தாண்டினால் இயந்திரம் கோபிக்காது, சத்தமில்லாமல் மிச்சத்தை வெட்டிவிடும்.  மச்சான் தகட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“அப்ப மொதல் பத்து எழுத்தும் ஒண்ணா இருக்கிற ரெண்டு கோப்பு வந்தா என்னாகும் மாப்ளே?”

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். விடை சொல்லி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அவர் ஒரு தடவைகூட குறுக்கிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோப்புகளைச் சேமிக்கும் வட்டுகளின் பெயர்கள். பாதையை முழுசாக எழுதினால் தொடக்கம் அதுதான். அதை நான் கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

திங்கள் காலை கூடம் பெருக்கும் அக்கா வந்தார். எனக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது. நான் உள்ளே நுழைந்தபோது துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்.

“சார், அலமாரி பேசுது சார்.”

“அலமாரி இல்லக்கா. எங்க மச்சான்.”

“என்னது? உள்ள என்ன சார் பண்றாரு?”

“கத்துக்கிறார்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மின்சாரத்தை அணைத்து, கைப்பிடியைச் சுழற்றி அலமாரியைத் திறந்துவிட்டார். அந்தக் கைப்பிடி அங்கே இருப்பது எனக்குத் தெரியும். பாதையே தேவைப்படாத வழி அது. அதை நான் மதிப்பதில்லை.

மருத்துவமனையில் நடந்ததையும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார். மச்சான், “உடம்பு புள்ளி கால் புள்ளி இடது புள்ளி முட்டி” என்றிருக்கிறார். டாக்டர் அதை மனக்குழப்பம் என்று எழுதிவிட்டார். பெரியதிலிருந்து சிறியதற்கு, ஒரு படியும் விடாமல், இவ்வளவு துல்லியமாக எந்த நோயாளியாவது அவரிடம் சொல்லியிருக்கிறாரா என்று நீங்களே கேளுங்கள். முட்டிக்கு வால் இல்லை என்பதால் சாய்கோடு வராது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று என் மனைவி இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெகு நேரம் என்னையே பார்த்தாள். நான் எதையோ விளக்கத் தொடங்கினேன். அவள் எழுந்து போகவில்லை. அடுப்பு எதுவும் இல்லை. பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஒரு கோட்ட தப்பா சொன்னதுக்காங்க என் அண்ணன நாலு நாள் வச்சிருந்தீங்க?”

அந்தக் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. அது உங்கள் பதிவிலும் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன், மச்சானே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். பிழை தெரிந்தும் திருத்தாமல் விடுவது எனக்கு வராது. எழுத்தரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மச்சான் தப்பாகச் சொல்லவில்லை. வியாழக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, அதாவது உள்ளே போன ஆறாவது மணி நேரத்திலேயே, புள்ளி புள்ளியாக, கடைசியில் ஒரே ஒரு சாய்கோட்டோடு, பாதையை மிகச் சரியாகச் சொன்னார். “இப்ப சரியா மாப்ளே?” என்று கேட்டார். நான் “கிட்டத்தட்ட” என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? மேல்குறிக்கு நாங்கள் இன்னும் வந்தே சேரவில்லை.