கண்ணாடி அறை நாற்காலி

பெருமைக்காகச் சொல்லவில்லை, என் காதுகள் இரண்டும் மிக நல்ல நிலையில் இருக்கின்றன. குச்சி, ஹேர்பின், சாவி எதையும் உள்ளே விட்டதில்லை. மிக்ஸி ஓடினால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பாட்டுக் கேட்டாலும் பாதிச் சத்தத்துக்கு மேல் வைப்பதில்லை. தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருக்கும் காதுப் பாதுகாப்பு அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் அதன்மேல் சட்டையை மாட்டினார்கள்.

நடந்ததைச் சொல் என்றீர்கள். எனக்குப் பேச வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வராமல்தான் பள்ளிக்கே முழுக்குப் போட்டேன். எழுத வரும். அதனால் என் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதித் தருகிறேன்.

எங்கள் வேலை டப்பா மூடி. ஹாலில் பன்னிரண்டு பிரஸ்கள் தகரத்தை அடித்து மூடியாக்கும். ஹாலை ஒட்டி ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரே ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்து மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். அந்த நாற்காலியை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் அக்கா. "அது வாயில்லாப் பூச்சி சார், ஹால்ல கத்திப் பேச அதால முடியாது" என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினாள். அவள் ஏழாம் பிரஸ்ஸிலேயே நின்றுகொண்டாள்.

சத்தம் புகாமல் காதில் வைக்கும் பஞ்சு போன்ற அடைப்பான் பெட்டியும் என் பொறுப்பில்தான் இருந்தது. உருட்டி, காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் செய்து காட்டினேன். அக்கா கேட்கவில்லை. "அதைப் போட்டா மெஷின் மக்கர் பண்றது தெரியாதுடி" என்பாள். பெரியவர்களுக்குப் புத்தி சொல்வது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

வருடத்துக்கு ஒரு நாள் காது சோதனை வண்டி வரும். உங்களுக்கு முன்பு அதில் வந்த நர்ஸை நாங்கள் பீப் மேடம் என்போம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார வேண்டும்; பீப் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பெயர் எழுத என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். காது குறைந்தவரைக் கண்ணாடி அறைக்கு மாற்ற வேண்டும் என்ற விதியை அவர்தான் எனக்குச் சொன்னார். "அந்த நாற்காலியே அதுக்குத்தாம்மா. நேரத்தோட மாத்திட்டா மிச்சக் காது தப்பிக்கும். போனது எந்த மருந்துக்கும் திரும்பாது."

மிகவும் பயனுள்ள தகவல்.

அப்போதே அக்கா வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டத் தொடங்கியிருந்தாள். "ஏன்டி எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறீங்க?" என்று சண்டைக்கு வருவாள். சோதனைக்கு முந்தின நாள் கேட்டாள்: "ஃபெயிலானா என்னடி பண்ணுவாங்க?"

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா."

ஒரே வரிதான். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

அவள் முகம் செத்துப்போனது. பார்க்கப் பாவமாக இருந்ததால் நானே ஒரு வழி சொன்னேன். மேடம் பீப் பட்டனை அழுத்தும்போது நான் பேனாவைக் கொஞ்சம் தூக்குவேன், நீ விரலைத் தூக்கு. "நீ எனக்குத் தங்கச்சி இல்லடி, தெய்வம்" என்றாள்.

நான்கு வருடம் தூக்கினேன். எல்லாவற்றுக்கும் தூக்கினால் சந்தேகம் வரும் என்று இரண்டு மூன்றை விட்டுவிடுவேன். எதிலும் பேராசை கூடாது. நான்காம் வருடம் மேடம் எல்லோர் முன்னாலும் அக்காவின் தாளை உயர்த்திப் பிடித்து, "எட்டு வருஷம் பிரஸ்ல நின்ன காதா இது? பாத்துக் கத்துக்கங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் மற்றவர்களைப் பார்த்துவிட்டு, சற்றுத் தாமதமாகத் தட்டினாள்.

இந்த வருடம் நீங்கள் வந்தீர்கள். எனக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு திரையை இழுத்து விட்டீர்கள். அக்கா பத்து நிமிடமும் விரலைத் தூக்கவேயில்லை. கடைசியில் கதவைத் திறந்து, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம், பேனாவைத் தூக்கியது நான். அக்காவிடம் பொய் சொன்னதும் நான். அவள் காது போய்க்கொண்டிருந்தது முதல் வருடமே எனக்குத் தெரியும்; எத்தனை முறை தூக்க வேண்டியிருந்தது என்று எண்ணியவள் நான்தானே. ஒரு வீட்டில் இரண்டு நல்ல காதாவது வேண்டாமா? அவள் குழந்தை அழுதால் இப்போது நான்தான் அவளைத் தோளில் தட்டிச் சொல்கிறேன்.

நாற்காலி அக்காவுக்கு, ஏழாம் பிரஸ் எனக்கு என்று நேற்று நீங்கள் எழுதிக் காட்டினீர்கள். அதைப் படித்துவிட்டு அக்கா, இப்போதெல்லாம் பேசும் அந்தப் பெரிய குரலில் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "வேணாம்மா. என் காதுதான் போயிடுச்சே, இனிமே எந்தச் சத்தம் என்னை என்ன பண்ணும்? சின்னவ காதாவது நல்லா இருக்கட்டும். அவளே அங்க உக்காரட்டும்."

நானாகக் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் சொல்வதை மறுப்பதும் மரியாதை இல்லை. இந்தத் தாளை அவளிடம் காட்ட வேண்டாம். அவளுக்கு இப்போது அமைதி தேவை.

அடுத்த வருடச் சோதனைக்குப் பெயர் எழுத ஆள் வேண்டுமென்றால் கண்ணாடிக் கதவை லேசாகத் தட்டுங்கள். எனக்குக் கேட்கும்.