அசையவில்லை என்றுதான் எழுதினேன்

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், இந்த இலை ஆறினால் கசக்கும். வெள்ளரிக்காயையும் தொட்டுக்கொள்ளுங்கள், காடியில் ஊறியதுதான். ஹிமேஜியிலிருந்து குராஷிக்கிவரை மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ரயிலில் வந்திருக்கிறீர்கள், பசிக்கும்.

கை கழுவப் போன நீங்கள் தவறிப்போய் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, எங்கள் வீட்டில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும். "அங்க எத்தனை இறால் இருக்கு, குவபாத்தா சான்?" என்று கேட்டீர்கள். அறுபத்தேழு. உங்கள் கணவரிடம் வாங்கிய இறால்கள் இந்த வீட்டுக்கு வந்ததும் செத்துவிடுகின்றன என்றால் அறுபத்தேழு எப்படி வந்தது என்பது நியாயமான கேள்வி. நிதானமாகச் சொல்கிறேன்.

நான் நகராட்சி அலுவலகத்தில் இறப்புப் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவள். டாக்டர் சான்றிதழ் இல்லாமல் யாரையும் இறந்தவர் என்று எழுதியதில்லை. ஒருமுறை ஓர் ஆள் தன் மாமியாருக்கு முன்கூட்டியே படிவம் வாங்கிப் போக வந்தான். திருப்பி அனுப்பினேன். பொய் என்றால் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வரும்.

ஓய்வு பெற்ற மாதம்தான் இணையத்தில் உங்கள் கணவரின் விளம்பரம் கண்ணில் பட்டது. சிவப்பும் வெள்ளையுமாக, அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கிற, கட்டைவிரல் அகலம்கூட இல்லாத இறால்கள். பத்து கேட்டேன், பன்னிரண்டு வந்தன. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்று உங்கள் கணவர் நெகோரோ சான் எப்போதும் இரண்டு கூடுதலாகப் போடுவார். கூடவே ஒரு சீட்டு: வந்து சேர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் புகைப்படம் அனுப்பினால், இறந்ததற்குப் பதில் வேறு அனுப்பப்படும்.

தொட்டியில் விட்ட ஒரு மணி நேரத்தில், அடியில் ஒன்று சுருண்டு வெளிறிக் கிடந்தது. செல்போனில் படம் எடுத்து அனுப்பினேன். "ஒன்று அசையவில்லை" என்று எழுதினேன். இறந்துவிட்டது என்று எழுதவில்லை, கவனியுங்கள். சான்றிதழ் இல்லையே.

உடனே பதில் வந்தது. "இந்த உசுரு போனதுக்கு முழுக் காரணமும் நான்தாங்க. பொட்டலம் கட்டின இந்தக் கையைத்தான் குத்தம் சொல்லணும். எந்த முகத்தை வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேப்பேன்." அடுத்த நாள் மூன்று இறால்களும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வந்தன. அதற்குள் நான் எண்ணிப் பார்த்திருந்தேன். பன்னிரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அடியில் கிடந்தது சட்டை. பாம்பு உரிப்பதுபோல இவையும் உரிக்குமாம், எனக்கு எப்படித் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன், நான்கு முறை எழுதிப் பார்த்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவ்வளவு அழகாக மன்னிப்புக் கேட்டவரிடம், அது தேவையில்லாத மன்னிப்பு என்று சொன்னால் என்ன ஆவார்? அப்படி மன்னிப்புக் கேட்டதற்காக இன்னொரு மன்னிப்புக் கேட்பார். ஒரு நல்ல மனிதரை அந்த நிலைக்குத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பிஸ்கட்டும் நன்றாக இருந்தது.

இரண்டாம் முறை வாங்கியபோதும் ஒரு சட்டை கிடந்தது. அனுப்பினேன். இந்த முறை அவர் தயங்கித் தயங்கி எழுதினார். "படம் கொஞ்சம் மங்கலா இருக்குங்க. ஒருவேளை சட்டையா இருக்குமோன்னு மனசுக்குள்ள ஒரு சின்ன சந்தேகம். சந்தேகப்பட்டதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்." சொல்லிவிட்டு மூன்று அனுப்பிவைத்தார்.

அந்தச் சந்தேகம் அவரைத் தின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அடுத்த முறை சந்தேகமே வராத படமாக அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். அவருக்காகத்தான்.

சட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே ஏதாவது இருந்தால்தான் நிறம் தெரியும். குளிர்பெட்டியில் நண்டுக்குச்சி இருந்தது. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை, பிரித்தால் நூல் நூலாக வரும். அதில் நண்டே கிடையாது, வெறும் அரைத்த மீன். நாடு முழுக்க அதை நண்டு என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள், யாரும் வாக்குமூலம் கேட்பதில்லை. தையல் ஊசியாலும் புருவம் திருத்தும் சாமணத்தாலும் நூல்களைச் சட்டைக்குள் செலுத்தினேன். மூக்குக்கண்ணாடி போட்டும் நாற்பது நிமிடம் பிடித்தது. முதல் மூன்றும் சுமாராக வந்தன, அவரும் மறு பேச்சில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான்காவதில்தான் கை தவறியது. வெள்ளையைத் திணித்துவிட்டு, சிவப்பை நீளவாக்கில் வைப்பதற்குப் பதில் குறுக்கே வைத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்ததால் அப்படியே படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் நெகோரோ சான் நின்றார். கறுப்புக் கோட்டு, கையில் இனிப்புப் பெட்டி. முகம் அழுது வீங்கியிருந்தது.

"உள்ள வாங்க" என்றேன்.

"இல்லீங்க, வாசல்லயே நிக்கறேன். உள்ள வர்ற யோக்கியதை எனக்கு இல்ல. பத்தொம்பது வருஷமா தொட்டி தொட்டியா வளர்த்து நான் தேடினது இதுதாங்க. வெள்ளை உடம்பு, ஒரே ஒரு செவப்புப் பட்டை, வெட்டி வச்ச மாதிரி ஓரம். அதைப் போயி பத்தோட பதினொண்ணாப் பையில போட்டு அனுப்பிக் கொன்னுட்டேனே. என்னை மாதிரி மடையன் உலகத்துல உண்டா?"

ஓரம் அப்படி இருந்ததற்குக் காரணம் கத்தரிக்கோல். அதை அந்த நேரத்தில் சொல்வது முறையாகப் படவில்லை.

"உடம்பை ஒரு தடவை பாக்கலாமாங்க?" என்றார்.

விரலால் பூந்தொட்டியைக் காட்டினேன். சட்டையை அதில்தான் போட்டிருந்தேன், செடிக்கு நல்லது. அவர் மண்டியிட்டு ஊதுவத்தி கொளுத்தினார். பக்கத்து வீட்டுக்காரி வந்து யார் போய்விட்டார்கள் என்று கேட்டாள். "என் பொறுப்புல இருந்த ஒருத்தருங்க" என்று அவர் சொல்ல, அவளும் கைகூப்பிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவரைச் சாப்பிடச் சொன்னேன். அவ்வளவு தூரம் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? பிரித்த பொட்டலம் வீணாகிவிடும் என்பதால் வெள்ளரிக்காயோடு மீதி நண்டுக்குச்சியையும் காடியில் போட்டிருந்தேன். அவர் ஒரு நூலைச் சாப்பிடும் குச்சியால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நான் தேநீர் ஊற்றினேன்.

"நல்ல செவப்புங்க" என்றார். வாயில் போட்டுக்கொண்டார். "என் வீட்டுல இவ்வளவு பக்குவமா வராது."

மன்னியுங்கள், அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

ஏன் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டீர்கள்? உங்கள் வெள்ளரிக்காயில் கிடக்கிற நண்டுக்குச்சி அன்றைய பொட்டலம் இல்லை, நேற்று வாங்கியது.

மீதியை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். இருபத்துமூன்று தொட்டிகளையும் காலிசெய்து ஊராருக்குக் கொடுத்துவிட்டார். செத்ததாக அவர் நம்பும் அந்த இறாலின் உடன்பிறப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் போராடினார். இன்று வாசலில் நீங்கள் சொன்னது மனதைத் தைத்தது. "எங்கிட்ட பேசினதை விட தொட்டிகிட்ட பேசினதுதான் ஜாஸ்தி. இது மட்டும் பொறக்காம இருந்திருந்தா மனுஷன் பைத்தியமாயிருப்பாரு." பிறந்தே விட்டது. வெள்ளை உடம்பு, ஒரே சிவப்புப் பட்டை, அந்த நேரான ஓரம். உலகத்திலேயே ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொள்ளாமல், முதலில் இழந்தவருக்குத்தான் முதலில் என்று எனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பார்சலை நம்பாமல், இடுப்பு பிடித்துக்கொண்டதால் தானும் வர முடியாமல், உங்களை அனுப்பியிருக்கிறார்.

இப்போது யோசித்துப் பாருங்கள், நான் என்ன கெடுதல் செய்தேன்? பத்தொன்பது வருடம் தேடியும் கிடைக்காததை அவர் கண்ணால் பார்க்கவைத்தேன். பார்த்ததால்தான் பிறந்தது. நன்றி கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் மறுபடியும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுவார், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்தபோது மணி இரண்டு. இப்போது நான்காகப் பத்து நிமிடம் இருக்கிறது, சீட்டில் போட்ட இரண்டு மணி நேரம் இன்னும் முடியவில்லை. ஒரு நிமிடம் எழுந்து வருகிறீர்களா? அதோ, நீங்கள் கொண்டுவந்ததை விட்ட தொட்டியில், அந்த இலைக்கடியில். வந்ததிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. பயமாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், அதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது. நான் கண்ணால் பார்ப்பதை மட்டும்தான் எழுதுவேன். இன்றைக்கு நீங்களே சாட்சி இருக்கிறீர்கள், ஊசியும் வேண்டாம், நண்டுக்குச்சியும் வேண்டாம். அந்தச் செல்போனைக் கொஞ்சம் எடுங்கள். நன்றாகப் பார்த்து, மனசாட்சிப்படி சொல்லுங்கள்: அசைகிறதா?