அட்டை கிழித்தவர்

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். செம்மேட்டிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் மலை ரோடு... ஆள் அரவமே இல்லை. பைக்கில் தனியாக வந்தவர், இதோ போர்வைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறானே அர்த்தனாரி, இவனுடைய சித்தப்பா. மலையில் லைப்ரரியன். அவர் வாயால் இவனிடம் சொன்னது இது.

நல்ல மனிதர்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கம். ராக்கெட், செவ்வாய்க் கிரகம் என்று அந்தக் காலத்தில் யாரோ வயிறு காய எழுதிய மலிவு நாவல்கள் வரும். பைண்டிங் பண்ணும்போது அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவார். அட்டையில் அரைகுறை உடுப்போடு பெண் இருப்பாளாம், பிள்ளைகள் கெட்டுவிடுமாம். எழுதியவன் பெயரும் அந்த அட்டையில் மட்டும்தான் இருக்கும். அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

வளைவில் ஒரு கிழவர் கை காட்டினார். சித்தப்பா ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும்... மைதாப் பசை நாற்றம். கருகிய காகித வாடை. முதுகுக்குப் பின்னால் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் சத்தம்... சரக்... சரக்...

"செவ்வாய்க்குப் போற கதை ஒண்ணு உங்ககிட்ட இருக்குதுங்களே... எழுதுனது யாருங்க?"

சித்தப்பா சிரித்தார். "கதையப் படிச்சாப் போதாதுங்களா? பேரு எதுக்குங்க?"

"செரிங்க... அப்ப உங்களுக்கு மட்டும் எதுக்குங்க? எங்கிட்டயே இருக்கட்டும்."

திரும்பிப் பார்த்தால் பின் சீட்டில் யாரும் இல்லை.

வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மனைவி கவிதாவுக்கு அவர் 'ஏனுங்க'. பிள்ளைகளுக்கு அப்பா. நம் பக்கம் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? மறுநாள் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவருக்குத் தன் பெயரே வரவில்லை...

ராத்திரி மனைவியிடம் கெஞ்சினார். "ஒரே ஒருக்கா எம் பேரச் சொல்லு கண்ணு."

புருசன் பேரைச் சொல்லலாமா என்று அவள் வெட்கப்பட்டாள். வற்புறுத்தியதும் வாயைத் திறந்தாள்... ஒன்றும் வரவில்லை. ஆதார் கார்டில் படம் இருந்தது, பக்கத்தில் வெறும் வெள்ளை. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். கண்ணீர் அஞ்சலி பேனரில் படத்துக்குக் கீழே காலி இடம்.

போன வாரம் அவருடைய பையைக் கொட்டியபோது அந்தச் செவ்வாய்ப் புத்தகம் விழுந்திருக்கிறது. முதல் பக்கத்தில் எழுதியவர் பெயர்... அச்சில். மை இன்னும் ஈரம். அர்த்தனாரிக்கு அது யாரென்று தெரியவில்லை. சித்தியிடம் கொடுத்தான்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அன்று ராத்திரி வாயில் வராத அதே பெயரை, சத்தமாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

பிறகு இவனிடம் கேட்டாளாம்... "இது யாரு சாமி?"