கல்தூமாவின் இரண்டு பாட்டு

— பாட மாட்டேன்னா பாட மாட்டேன். டீயைக் குடிச்சியா, போய்க்கிட்டே இரு. மலைக்காரி ஒருத்தி என் கூடாரத்துல உக்காந்திருக்காளேன்னு ஊரே எட்டிப் பாக்குது.

— பாக்கட்டுமே கல்தூமாக்கா. பதினஞ்சு வருஷமா துப்பாக்கி வழியாத்தானே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இப்படியும் கொஞ்சம் பாக்கட்டும்.

— வாய் நீளம்டி உனக்கு. பேரென்ன சொன்னே?

— டோட்டோ. எங்க பக்கம் ரெண்டாவதாப் பொறந்த பொண்ணுன்னா அதான் பேரு.

— கேட்டுக்கோ டோட்டோ. அந்தப் பெரிய மரத்தடிப் பந்தல்ல ஆம்பளைங்க மூணு நாளாப் பேசறாங்க. மலைக்கூட்டத்துக்கு நீதான் பேச வந்தவளாமே. அங்க பேசறதை விட்டுட்டு, ஆடு மாடு மேய்க்கிற கூட்டத்துப் பாட்டுக்காரிகிட்ட உனக்கென்ன வேலை?

— அங்க பேச்சு முடிஞ்சுதுக்கா! அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். கிணத்துத் தண்ணி, மாடு இறங்குற பாதை, வாரச் சந்தை, எல்லாம் ஒத்து வந்தாச்சு. உங்க தலைவர் புஷாரா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டார். பேனாவை மட்டும் தொட மாட்டேங்கறார்.

— ஏனாம்?

— உங்களாலதான்.

— அடிப்பாவி! நான் என்னடி பண்ணேன்? செவனேன்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கேன்.

— பேனாவை எடுக்கறார். இந்தக் கூடாரத்துப் பக்கம் திரும்பிப் பாக்கறார். கீழ வெச்சுடறார். நான் எதிர்லயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். நைரோபியில பேச்சுவார்த்தைக்குன்னே ஒரு படிப்பு படிச்சேன், அங்க முதல் பாடமே இதுதான். எதிர்ல உக்காந்திருக்கறவன் வாயைப் பாக்காதே, அவன் யாருக்குப் பயப்படறான்னு பாருன்னு.

— இதுக்கு ஒரு படிப்பு வேறயா! எங்க சின்னப் பசங்களைக் கேட்டா சொல்லியிருப்பாங்களே. எங்க ஆம்பளைங்க சாவுக்குப் பயப்பட மாட்டாங்க, என் நாக்குக்குப் பயப்படுவாங்க. நான் ஒருத்தனைப் பத்தி ரெண்டு அடி கட்டி விட்டேன்னா, அவன் மண்ணுக்குள்ள போன பிறகும் மாட்டுக்காரனுங்க அதைப் பாடிக்கிட்டே போவாங்க.

— போன வறட்சியில இதே மாதிரி பேச வந்தப்போ புஷாராவைப் பத்தி என்ன பாடினீங்க?

— "என் சேலையைக் கட்டிக்கோ புஷாரா, உன் குதிரையை என்கிட்ட கொடு"ன்னு பாடினேன்.

— அவ்வளவுதானே, குதிரையைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார். அந்த வருஷம் எத்தனை பேரைப் புதைச்சோம்? இந்தத் தடவை ஒரே ஒரு பாட்டு, மாத்திப் பாடுங்க.

— என் பிள்ளை இஸ்ஸா உங்க மலையில விழுந்தான். அவனைத் தூக்கப் போன அவன் தம்பி மகீனும் விழுந்தான். ஒருத்தன் எலும்பு கூட என் கைக்கு வரலை. உனக்காக நான் மாத்திப் பாடணுமா?

— எனக்காக வேண்டாம்.

— உங்க வீட்டுல யாரும் போகலையா?

— எங்க அப்பா போனார். தானியக் குதிரோட வெச்சுக் கொளுத்தினாங்க. யாருன்னு கேக்காதீங்க, நான் சண்டை போட வரலை. உங்க துக்கமும் என் துக்கமும் சரிக்குச் சரின்னு சொல்லவும் வரலை. ஒரே ஒரு கேள்வி. பேச்சு இன்னிக்கு முறிஞ்சா உங்க கையில என்ன மிஞ்சும்?

— மானம் மிஞ்சும்.

— மாடு?

— அந்த வெங்காயத்தை எடு, இன்னும் உரிக்கணும்.

— மாடு மிஞ்சுமாக்கா?

— வடக்க குளமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கன்னுக்குட்டிங்க நடக்க முடியாம விழுதுங்களாம். மாட்டைக் குடிச்சுக்கிட்டிருக்கு வெயிலு.

— அதுங்களோட நிக்கிறது யாரு?

— ஹம்தான். என் கடைசிப் பிள்ளை. எனக்கு மிச்சம் இருக்கற ஒரே ஆம்பளைப் பிள்ளை.

— பேச்சு முறிஞ்சா அவன் என்ன பண்ணுவான்?

— வேற என்ன பண்ணுவான்? தண்ணி உங்க மலையடிவாரத்துல இருக்கு. துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு இறங்குவான்.

— எங்க பசங்க பாறைக்கு மேல நிப்பாங்க.

— நிறுத்துடி. போதும். உன் கையில என்ன மிஞ்சும், அதைச் சொல்லு.

— உப்பில்லாத கஞ்சி. உப்பைக் கண்ணால பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு. செத்தவங்களைச் சுத்தக் கூடத் துணி இல்லை, இலையில சுத்திப் புதைக்கறோம். சந்தை வந்தா எங்க எள்ளைக் கொடுத்து உங்க உப்பு வாங்குவோம். உங்க ஹம்தான் துப்பாக்கி இல்லாம இறங்கி வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுவான். அவ்வளவுதான்க்கா ஒப்பந்தமே. யாரையும் யாரும் மன்னிக்கணும்னு அதுல ஒரு வரி கிடையாது.

— மன்னிக்கச் சொல்லலையா?

— சொல்லலை.

— அப்போ சரி. அந்த முரசை இப்படித் தள்ளு. பொண்ணுங்களா! வெளிய வாங்கடி எல்லாரும்! கைதட்டுங்க!

"பேனா என்ன பாம்பா புஷாரா, தொட்டாக் கடிக்குமோ?
சிங்கத்து வாலைப் பிடிச்ச கைக்கு மைக்கூடு கனக்குமோ?
கன்னுக்குட்டி தாகத்துல கத்துதே புஷாரா,
உன் காது செவிடோ, உன் கைதான் களிமண்ணோ?"

— அத்தை! அத்தை! போட்டுட்டார்! அல்லா மேல ஆணை, பெரியப்பா கையெழுத்துப் போட்டுட்டார்! நீங்க ரெண்டாவது அடி எடுக்கறதுக்குள்ள பேனாவைப் பிடுங்கிப் போட்டுட்டார்!

— மெதுவா ஹுர்காஸ், மூச்சு வாங்குது பாரு உனக்கு. கேட்டியாடி டோட்டோ, இவன் எங்க புஷாராவோட தம்பி மகன். பந்தல்ல எல்லாத்தையும் எழுதறவன்.

— தெரியும்க்கா, மூணு நாளா எதிரெதிரே முறைச்சுக்கிட்டுத்தானே இருந்தோம். ஹுர்காஸ், எங்க மலைத் தளபதி ஜக்தூம் போட்டாரா?

— அதுக்குத்தான் ஓடி வந்தேன் டோட்டோக்கா. போடலை. எந்திரிச்சுட்டார்.

— எந்திரிச்சுட்டாரா! காலையிலதானே என்கிட்ட சரின்னார்?

— பாட்டைக் கேட்டதும் முகம் மாறிப்போச்சு. "கல்தூமாவே பாடறாளா? அவ வாயால நல்லதுன்னு வந்தா எங்களுக்கு அதுல குழி இருக்கு"ன்னுட்டு ஆளுங்களை மலைக்குக் கிளம்பச் சொல்றார். நடுவர்களா வந்த வெள்ளைக்காரங்க கையைப் பிசையறாங்க.

— ஐயோ, ஐயோ! இதுவும் பாடத்துல இருந்துச்சே! எதிரி நீட்டினா தேனும் கசக்கும்னு கரும்பலகையில எழுதிப் போட்டாங்களே! உங்க ஆளு பயத்தையே பாத்துக்கிட்டு எங்க ஆளு சந்தேகத்தைக் கோட்டை விட்டுட்டேன். தள்ளுங்க, நான் போய்ப் பேசறேன்.

— நில்லுடி. நீ பேசினா நம்புவானா?

— நீங்க எனக்கு டீ கொடுத்ததை ஊரே பாத்துச்சே. நம்ப மாட்டார்.

— அவனுக்குத் தேன் கசக்கும்னா எது இனிக்கும்? நாங்க வயித்துல அடிச்சுக்கிட்டு அழுதா இனிக்குமா?

— அக்கா... நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு புரியுது. வேண்டாம். உங்க தலைவர் மனசு மாறிடும்.

— ஹுர்காஸ், புஷாரா மாறுவானா?

— போட்ட கையெழுத்தை அழிச்சா அதைவிடக் கேவலம் உண்டா அத்தை? மாற மாட்டார். ஆனா உங்க பேரு? ஒரே மூச்சுல ஏத்தியும் இறக்கியும் பாடினா, நாளைக்கு உங்க பாட்டை எவன் மதிப்பான்?

— எவனும் மதிக்க வேண்டாம். வழி விடு.

"வித்துட்டான், வித்துட்டான் புஷாரா, எங்க வீரத்தை வித்துட்டான்!
இஸ்ஸா விழுந்த பாறையில எள்ளு காயப் போடுவானே,
மகீன் செத்த மண்ணு மேல சந்தை விரிச்சுச் சிரிப்பானே!
மலையே, உன் வயிறு வெடிக்கட்டும், என் பிள்ளைங்களைத் துப்பு!
துப்பு, என் பிள்ளைங்களைத் துப்பு!"

— ஹுர்காஸ், பொண்ணுங்கல்லாம் அழறாங்க. நீ உயரமா இருக்கே, பந்தலைப் பாரு. ஜக்தூம் என்ன பண்றார்?

— குதிரை பக்கத்துல நிக்கறார். ஏறலை. காதைக் கொடுத்துக் கேக்கறார்.

— அப்புறம்?

— சிரிக்கிறார்க்கா! அவர் ஆளு முதுகுல தட்டிச் சிரிக்கிறார்! "அந்தக் கிழட்டுப் பாம்பு இப்படித் துடிக்குதுன்னா நமக்குத்தான் லாபம்"னு இங்க வரைக்கும் கேக்கக் கத்தறார். திரும்பி வரார். உக்காந்துட்டார்!

— பேனா? பேனாவை எடுத்தாரா?

— இருங்க, வெள்ளைக்காரன் முதுகு மறைக்குது... எடுத்துட்டார்! போடறார்! போட்டுட்டார்! டோட்டோக்கா, போட்டுட்டார்!

— அக்கா! கல்தூமாக்கா! போதும், நிறுத்துங்க, ரெண்டு பேரும் போட்டாச்சு! கேட்டீங்களா, மலைமேல கூட முரசு அடிக்கறாங்க! பொண்ணுங்களா, குலவை போடுங்கடி!

— கையை விடுடி, நசுக்காதே. கொஞ்சம் தண்ணி கொடு. ஹுர்காஸ், குதிரை எடுத்துக்கிட்டு வடக்க போ. ஹம்தான்கிட்ட மாட்டை இறக்கச் சொல்லு. துப்பாக்கியைக் கூடாரத்துலயே போட்டுட்டு வரச் சொல்லு.

— இதோ கிளம்பிட்டேன் அத்தை!

— என் வாழ்நாள்ல இப்படி ஒண்ணைப் பாத்ததில்லைக்கா! நைரோபியில என் வாத்தியாருங்க இதைக் கேட்டா நம்பவே மாட்டாங்க. அந்த ரெண்டாவது பாட்டு! எனக்கே ரத்தம் உறைஞ்சு போச்சு. அந்தக் கண்ணீரையெல்லாம் எப்படிக்கா வரவழைச்சீங்க? என்னமா நடிச்சீங்க!

— போடி பைத்தியக்காரி. முதல் பாட்டுதான்டி நடிப்பு.