காலில் ஒரு தட்டு

ராத்திரி ஒன்றரை மணி. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளில் ஒன்றின் கதவை, உள்ளங்கை சிவக்க அடித்துக்கொண்டிருந்தான் ஜெரி. இன்ஜினை ஐந்து நிமிஷம் நிறுத்தினால் போதும். உள்ளே டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின் தட... தட... தட...

நம்ம கூட்டாளி கீர்த்தியின் சொந்த அத்தை மகன்தான் இந்த ஜெரி. ராயபுரத்துப் பையன். கதை விடுகிற ஆளில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சொல்கிறேன்.

அன்றைக்கு அவன் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு குறும்படம். தெருவில் தூங்குகிற ஒருத்தி. அவளை 'இருக்கியா' என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. அவ்வளவுதான் கதை. மறுநாள் பகல் பன்னிரண்டோடு போட்டிக்கு அனுப்புகிற கெடு முடிகிறது. முதல் வருஷம் மழை கெடுத்தது. அடுத்த வருஷம் கதாநாயகன் கம்பி நீட்டினான். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் மறுபேச்சில்லாமல் அப்பாவோடு மீன் லோடு ஏற்றப் போகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான்.

பாக்கி ஒரே ஒரு ஷாட்.

ஆட்கள் மூன்றே பேர். கேமராவுக்கு வண்ணாரப்பேட்டை தோஸ்து அமான். நடிக்க, பள்ளிக்கூட டீச்சர் ஜானட். டைரக்‌ஷன், சவுண்ட், டீ வாங்கி வருவது எல்லாம் ஜெரி. ஒட்டடைக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, ஜானட்டின் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு, காதில் ஹெட்போனோடு நிற்பான்.

இடம், காலடிப்பேட்டைப் பக்கம் மூடிக்கிடக்கும் ஐஸ் பேக்டரி வாசல். அங்கே வழக்கமாகத் தூங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, இன்றைக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டில் படுக்கச் சொல்லியாகிவிட்டது. ஒருத்தி மட்டும் எழவில்லை. பின்னால், ஷட்டரை ஒட்டிப் பழுப்புப் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்தி அசந்து கிடந்தாள். கிடக்கட்டும், பிரேம் நிஜமாக இருக்கும் என்றான் அமான். தூரத்து ஷாட்டை அவளோடு சேர்த்தே எடுத்துவிட்டார்கள்.

கடைசியாகக் கிளம்பியவர் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டும் சுப்புராயன். இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"நைனா, எங்களுக்குள்ள ஒரு பழக்கம் கீது. எவன் ஒண்ணுக்குப் போவ எழுந்தாலும் பக்கத்துல கீறவங்க கால்ல ஒரு தட்டு தட்டுவான். 'உம்'னா போதும். அதோ படுத்துகினு கீற பச்சையம்மாவுக்கு ரெண்டு நாளா மேலுக்கு சரியில்ல. நாங்க யாரும் இங்க இல்ல... நீ ஒரு தபா தட்டிப் பாத்துக்க."

ஜெரி தலையாட்டினான். அவன் கண் ஒயரில் இருந்தது. அப்போதே மறந்தும் போனான்.

டிரைவர் ஒருவழியாக எழுந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு இன்ஜினை நிறுத்தினார். ஜெரி ஓடி வந்து ஹெட்போனை மாட்டினான்.

"ஆக்‌ஷன்."

ஜானட் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருட்டைப் பார்த்தாள். அழகாகத்தான் செய்தாள். ஆனால் ஹெட்போனில்... 'ஙீ...' என்று ஒரு மெல்லிய விசில். நிற்கும். மறுபடி 'ஙீ...'

கட். ஒயரைக் கழற்றி மாட்டினான். விசில் போகவில்லை. மைக்குக்குத் துணி சுற்றினான். போகவில்லை. கடல் காற்றா? லாரியின் ஏர் பிரேக்கா? கொசுக்கடியில் ஜானட்டின் கை தடித்துவிட்டது. காலையில் எட்டு மணிக்கு ஸ்கூல் இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். ஓசி மைக் ஓசி மைக்தான் என்று அமான் முணுமுணுத்தான். ஜெரிக்கு மைக்கைக் கடலில் வீசிவிடலாமா என்றிருந்தது.

அடுத்த டேக் பாதியில்... குப்பென்று தைல வாசனை.

டீசல், கருவாடு, உப்புக் காற்று எல்லாவற்றையும் மீறி மூக்கில் ஏறியது. திரும்பினான். தோளருகே ஒரு கிழவி. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு பித்தளைச் சாவி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"நைனா... அந்தம்மா கால ஒரு தட்டு தட்டேன்."

"ஷாட் போயிட்டு இருக்கும்மா. ஓரமாப் போங்க."

"கட்" என்றான் அமான் எரிச்சலோடு. "மாமு, டேக் நடுவுல நீயே பேசிகினு கீற. அப்புறம் மைக்க திட்டுற."

கிழவியை அவன் கண்டுகொள்ளவே இல்லை. கேமராவுக்குள் தலையை விட்டால் இவன் உலகத்தையே மறந்துவிடுவான் என்று ஜெரி நினைத்துக்கொண்டான். திரும்பிப் பார்த்தால் கிழவி இல்லை.

மறுபடி டேக். மறுபடி விசில்... முன்னைவிட இழுத்து. மறுபடி தைலம். சாவி எதிலோ படுகிற 'டிணுக்'.

"அதால எழ முடியலப்பா. கூப்புடவும் முடியல. சும்மா ஒரு தட்டு..."

ஜெரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூரத்து ஷாட்டில் போர்வைக்காரி படுத்திருக்கிறாள். இப்போது எழுப்பி, அவள் புரண்டு படுத்தாலும் தொலைந்தது. ஷாட்டுக்கு ஷாட் ஒட்டாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். இதைக் கிழவிக்கு யார் விளக்குவது?

"எழுப்பக் கூடாதும்மா. கன்டின்யூட்டி போயிடும். போங்க."

ஜானட் திரும்பி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.  துப்பட்டாவை இறுக்கிக்கொண்டாள்.

டேக் மேல் டேக் வீணாகி, விடியப்போகிற நேரத்தில் மூன்றாம் முறை வந்தபோது கிழவி பேச்சுக்கே திணறினாள். அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். ஐஸ் பெட்டிக்குள் கை விட்ட மாதிரி... சில்லென்று. "தட்டுப்பா," என்றாள். அவ்வளவுதான். ஜெரி கையை உதறினான்.

"விடிஞ்சப்புறம் தட்டுறேன். இப்பப் போய்த் தொலைங்க."

அவள் போய்விட்டாள். ஜெரி பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கை நீட்டினான். கிழக்கே கடலுக்கு மேல் இருட்டு லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது. இனி ஒரு டேக்குக்குத்தான் நேரம்.

"ஆக்‌ஷன்."

விசில்... இல்லை.

கவனித்துக் கேட்டான். இல்லவே இல்லை. லாரி இல்லை, காற்று இல்லை. ஹெட்போனுக்குள் துடைத்து வைத்த மாதிரி அமைதி. அந்த அமைதியில் ஜானட்டின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது.

"ஓகே," என்றான். அமான் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒன்று சரியாக அமைந்திருந்தது.

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சுப்புராயன் வண்டியை மிதித்துக்கொண்டு வந்தார். இறங்கினார். நேரே ஷட்டர் பக்கம் போய்ப் போர்வையின் நுனியில் ஒரு தட்டு தட்டினார்.

'உம்' வரவில்லை.

இன்னொரு தட்டு. பிறகு போர்வையை விலக்கினார். குப்பென்று... தைல வாசனை. கறுப்புக் கயிறு. பித்தளைச் சாவி.

 இந்தம்மாதானே ராத்திரி பூரா வந்து நச்சரித்தது என்றான் ஜெரி. ஒருத்தரும் வரவில்லை என்றாள் ஜானட். வெறும் இருட்டைப் பார்த்து நீ தனியாகப் பேசிக்கொண்டிருந்தாய், பயந்துபோய்த்தான் கேட்கவில்லை என்றாள். அமானும் ஆமாம் என்று தலையாட்டினான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ராத்திரி எத்தனை மணிக்கு உயிர் போயிருக்கும் என்று ஜெரி கேட்டதற்கு, வந்தவர்கள் இப்போது சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தாங்கள் கேமரா வைக்கும் முன்னாலேயே போயிருப்பாள்... அதனால்தான் பேயாக வந்திருக்கிறாள்... ஜெரி அதை உடும்பாகப் பிடித்துக்கொண்டான். அப்படியானால் அவன் மேல் தப்பில்லை.

சுப்புராயன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மூச்சு இழுப்பு நைனா அதுக்கு. ராவெல்லாம் விசில் மாரி சத்தம் வந்துகினே இருக்கும். அத்த கேட்டுகினுதான் நாங்க தூங்குவோம். சத்தம் இருந்தா ஆளு கீதுன்னு அர்த்தம்."

பகல் பன்னிரண்டு மணி வந்தது, போனது. ஜெரி எதையும் அனுப்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, ராத்திரி பதிவானதைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டான். ஓகே ஆன டேக்கில்... ஒன்றுமில்லை. துடைத்து வைத்த அமைதி.

அதற்கு முந்தினது. கிழவியின் குரல் பதிவாகவில்லை. அவனுடைய குரல் மட்டும் யாரிடமோ எரிந்து விழுகிறது. 'விடிஞ்சப்புறம் தட்டுறேன். இப்பப் போய்த் தொலைங்க.'

அந்தக் குரலுக்கு அடியில், மெல்ல, இழுத்து இழுத்து...

'ஙீ...'